எட்டாங்கொடையிலாவது அந்தப் பாட்டு முழுசாக நடக்கட்டும்: ஊர்க் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

மரியாதைக்குரிய தலைவர் அண்ணாச்சி, செயலாளர், பொருளாளர், கமிட்டி உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம். நம்ம அம்மன் கோயில் கொடைத் திருவிழா நல்லபடியாக முடிந்தது. முளைப்பாரி, பொங்கல், மஞ்சள் நீராட்டு எதிலும் குறை சொல்ல முடியாது. தோவாளைப் பூ அலங்காரத்தில் அம்மனைப் பார்க்க இரண்டு கண் போதவில்லை. நான் எழுதுவது செவ்வாய்க்கிழமை ராத்திரி நீங்கள் பாதியில் நிறுத்திய வில்லுப்பாட்டைப் பற்றி. என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மைக் சுவிட்ச் உங்கள் மேசைக்கு அடியில்தான் இருந்தது.

பாடியவள் எம்.ஏ. தமிழ் படிக்கிற பிள்ளை. வில்லுப்பாட்டு ஆசான் அண்ணாவியிடம் முறையாக வில் பழகியவள். காப்புப் பாடினாள், குருவடி பாடினாள், ‘சிறியவள் சொல்லில் பிழை இருந்தால் பெரியோர் பொறுக்க வேண்டும்’ என்று அவையடக்கமும் பாடினாள். பிறகுதான், கல்யாணம் முடிந்து பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்குச் சாமான் கொண்டுபோகிற சடங்கைப் பாடும் ‘அடுக்களை காணும் படலம்’ தொடங்கியது. நீங்கள் நிறுத்திய இடம் எனக்கு மனப்பாடம்:

‘மூணு டெம்போ வந்து நின்னுது முத்தத்திலே – அதுல
முத டெம்போல பிரிட்ஜு மட்டும் எறக்கி வச்சாவ
கதவத் தொறந்து பாத்த மாமி கேட்டாவ – ஏட்டி
காலியாட்டா கொண்டு வருவிய எங்க வீட்டுக்கு?’

இடப்பக்கம் உட்கார்ந்து பின்பாட்டுப் பாடிய பையன் ‘ஒரு ஐஸாவது வச்சிருக்கப்பிடாதா?’ என்று கேட்டான். முன்வரிசையில் பெண்கள் சிரித்த சிரிப்பு ரோட்டு வரை கேட்டிருக்கும். அதோடு மைக் செத்தது. அவள் நிறுத்தவில்லை. வீசுகோலை இன்னும் ஓங்கி அடித்து, வெறும் தொண்டையிலேயே இரண்டு அடி பாடினாள். யாரோ வந்து தாளத்துக்கு அடிக்கிற குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அடுத்த நிமிஷமே மைக்குக்கு உயிர் வந்துவிட்டது: ‘வரி பாக்கி உள்ளவர்கள் உடனடியாகச் செலுத்தவும்.’

அதைக்கூட விட்டுவிடலாம். மறுநாள் காலையில் அவளையும் அவள் அப்பாவையும் கமிட்டி ஆபீசுக்கு வரவழைத்தீர்களே, அதைத்தான் என்னால் விட முடியவில்லை. அந்த மனுஷன் விடியக்காலம் மூணு மணிக்குச் சந்தைக்குப் போய்ப் பூ எடுத்துவந்து மாலை கட்டுகிறவர். கொடைக்கு மூன்று நாளும் மாலை கட்டியதே அவர்தான். அவரை வாசல்படியில் நிற்க வைத்துவிட்டு, மகளை உள்ளே உட்கார்த்தி மன்னிப்புக் கடிதம் எழுத வைத்தீர்கள். ‘யார் மனமாவது புண்பட்டிருந்தால்’ என்று அவள் எழுதினாள். அது போதாது என்று அந்த வரியை அடித்துவிடச் சொன்னீர்கள். ‘ஊர்ப் பெரியோர்கள் மனம் புண்பட்டதற்கு’ என்று மாற்றி எழுத வைத்தீர்கள்.

இதைக் கேட்டபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. பாட்டில் யார் பெயரும் கிடையாது. ஊர்ப் பெயர், வீட்டுப் பெயர், ஜாதிப் பெயர் ஒன்றுமில்லை. மூன்று டெம்போ எந்த வீட்டு முற்றத்தில் நின்றது என்று அவள் சொல்லவே இல்லை. மைக்கை அணைத்ததோடு ஊருக்கே தெரிந்துவிட்டது. கெஸட்டில் போட்டாற்போல நீங்களே அறிவித்துவிட்டீர்கள்.

அங்கதம் என்றால் இதுதான் அண்ணாச்சி. வசைக்கு ஒரு பெயர் வேண்டும், ஒரு ஆள் வேண்டும். அங்கதத்துக்கு ஒரு வழக்கம் போதும். கேட்கிற ஒவ்வொருத்தரும் தன் வீட்டு முற்றத்தை ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொள்வார்கள். அழகியபாண்டியபுரத்துக் கிருஷ்ணன் நம்பி ‘மருமகள் வாக்கு’ எழுதினார். மாமியார் காட்டிய சின்னத்தில் குத்திவிட்டு வருகிற மருமகள் கதை. படித்த மாமியார்கள் யாரும் அவர் மேல் கேஸ் போடவில்லை. தோல்பாவைக் கூத்தில் ராமாயணத்துக்கு நடுவில் உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்ற கோமாளிகள் வந்து ஊர் நடப்பையெல்லாம் கிழித்துத் தொங்கப்போடுவார்கள். அவர்கள் வாயை யாரும் தைக்கவில்லை.

இதற்கெல்லாம் மேலே ஒருத்தர் இருக்கிறார். அவர் படம் உங்கள் ஆபீஸ் சுவரில்தான் தொங்குகிறது. ஜூலை 27 ஆனால் மாலை போட்டு மிட்டாய் கொடுக்கிறீர்கள். தேரூர்க் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ‘ஆசிய ஜோதி’ மட்டும் எழுதவில்லை. ‘நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ என்றும் ஒன்று எழுதினார். அப்பன் சொத்து மகனுக்கு இல்லை, தங்கச்சி மகனுக்கு என்றிருந்த காலம். குடும்பத் தலைவரான காரணவர் கண்ணை மூடினால் பெண்டாட்டி பிள்ளைகள் தெருவில். அந்த வழக்கத்தைத் திட்டிக் கட்டுரை எழுதியிருந்தால் நாலு பேர் படித்திருப்பார்கள். அவர் என்ன செய்தார்? ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவி வாயில் கதையைக் கொடுத்தார். மாமி அரசியற் படலம், நாகாஸ்திரப் படலம், கருடாஸ்திரப் படலம், கும்பியெரிச்சல் படலம் என்று, புராணத்துக்கும் யுத்தத்துக்கும் வைக்கிற பெயரையெல்லாம் அடுக்களைச் சண்டைக்கும் சொத்துச் சண்டைக்கும் வைத்தார். அவள் புலம்பப் புலம்ப நமக்குச் சிரிப்பு வரும். கொஞ்ச நேரத்தில் எதற்குச் சிரித்தோம் என்று கூச்சமாகிவிடும். 1926-ல் திருவிதாங்கூரில் நாஞ்சில்நாட்டு வெள்ளாளர் சட்டம் வந்து அந்த முறை முடிந்தது. பாட்டு ஒன்றே சட்டத்தைக் கொண்டுவந்தது என்று சொல்ல மாட்டேன். மனு எழுதியவர்கள், கூட்டம் போட்டவர்கள் எல்லாம் இருந்தார்கள். ஆனால் அந்த வழக்கத்தைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு நடக்க முடியாதபடி செய்ததில் இந்தப் பாட்டுக்குப் பங்குண்டு. நல்லவேளை, அவர் பாட்டுக்கு அனுமதி கேட்டு உங்கள் கமிட்டிக்கு மனுப் போடவில்லை.

நம் காலத்து வழக்கத்துக்கும் சட்டம் இல்லாமல் இல்லை. வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961-ல். நம்ம குமரி மாவட்டத்தில் எத்தனை பவுன், எத்தனை சென்ட் நிலம், என்ன கார் என்ற பேச்சு குறைந்திருக்கிறதா? படிப்பில் முதல் வரிசையில் இருக்கிறோம் என்று மார்தட்டுகிறோம். அந்தப் படிப்பு மாப்பிள்ளை விலையைக் கூட்டத்தான் உதவியிருக்கிறது. சட்டம் நுழைய முடியாத முற்றத்தில் அந்தப் பிள்ளை வில்லோடு நுழைந்தாள். அதனால்தான் அவள் பாட்டு முழுசாக நடக்க வேண்டும் என்கிறேன்.

நகைச்சுவையே வேண்டாம் என்பது கமிட்டியின் கொள்கையா என்றால் அதுவும் இல்லை. போன வருஷம் நகைச்சுவைப் பட்டிமன்றம் வைத்தீர்கள். பெண்டாட்டி சமையல், பெண்டாட்டி குண்டு, பெண்டாட்டி வாய், மாமியார் வாய் என்று மூன்று மணி நேரம். மைக் ஒரு தடவைகூடக் கரகரக்கவில்லை. பெண்கள் எங்களைப் பார்த்து ஊர் சிரித்தால் அது கலைநிகழ்ச்சி, ஊர்ப் பெரிய வீட்டைப் பார்த்து நாங்கள் சிரித்தால் அது பிரச்சினை. அதே பெண்களிடம், வீட்டுக்கு வீடு வசூலிக்கிற தலைக்கட்டு வரியை மட்டும் ஒரு ரூபாய் குறையாமல் வாங்குகிறீர்கள். ரசீதில் எங்கள் பெயர் வராது, கமிட்டிக் கூட்டத்தில் எங்களுக்கு நாற்காலி கிடையாது, வரவுசெலவு நோட்டை நாங்கள் கண்ணால் பார்த்ததில்லை. குழாய் ரேடியோவைப் படுக்கையில் கிடக்கிற கிழவி வீட்டு ஜன்னலுக்கு நேராகக் கட்டாதீர்கள் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். டெம்போ வருகிற ரோட்டில் கிடக்கிற பள்ளத்தைப் பற்றி இன்னொரு பாட்டே கட்டலாம்.

கோபத்தில் வேறெங்கோ போய்விட்டேன், மன்னிக்கணும். கேட்க வந்தது ஒன்றுதான்.

வருகிற செவ்வாய்க்கிழமை, கொடையின் எட்டாம் நாள், எட்டாங்கொடை. அன்றைக்கு அதே பந்தலில், அதே குழுவுக்கு, அடுக்களை காணும் படலத்தைத் தொடக்கம் முதல் வாழி பாடுகிற வரை மைக்கோடு பாட இடம் கொடுங்கள். பாட்டை முன்கூட்டியே எழுதிக் காட்டச் சொல்லாதீர்கள். பதில் சொல்ல விருப்பமுள்ளவர்கள் இன்னொரு வில் பூட்டிப் பாடட்டும்; லாவணிபோல நன்றாகவே இருக்கும், நானே முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பேன். அந்த மன்னிப்புக் கடிதத்தை அவள் அப்பா கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாசல்படியில் வைத்து வேண்டாம், உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொல்லிக் கொடுங்கள்.

பெரிய மனசு பண்ணி இதைச் செய்யும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். பாட்டு முழுசாக நடக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்குத் தனியாகப் பதில் எழுத வேண்டாம், ஆபீஸ் போர்டில் சாக்பீசால் ஒரு வரி எழுதிப் போட்டால் போதும்.

இப்படிக்கு,
தலைக்கட்டு வரி பாக்கியில்லாத ஒரு வீட்டுக்காரி

பி.கு.: அன்றைக்கு எடுத்துக்கொண்டு போன குடம் அண்ணாவி வீட்டுக் குடம். சனிக்கிழமை அவருக்கு வேறு ஊரில் கச்சேரி இருக்கிறது. அதற்கு முன்னால் யாரிடமாவது கொடுத்தனுப்பிவிடுங்கள்.