கடற்குன்றுகளில் நடக்கப்போகும் மகளுக்கு

ஹப்புத்தளை

அன்பு மகளுக்கு,

உன்னோடு வேலை செய்யும் 14 பேரைக் கூட்டிக்கொண்டு, ஒக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை இங்கிலாந்தின் தென்கரையில் சீஃபோர்டிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை கடலோரக் குன்றுகளில் நடக்கப்போவதாகவும், வழிநடத்தும் பொறுப்பை நீயே ஏற்றிருப்பதாகவும் எழுதியிருந்தாய். நீ அனுப்பிய வரைபடத்தை மூன்று நாட்களாக மேசையில் விரித்து வைத்திருக்கிறேன். இங்கே இலங்கை மலைநாட்டில் 1,400 மீற்றர் உயரத்தில் வளர்ந்த உனக்கு 162 மீற்றர் பீச்சி ஹெட் கடற்குன்று ஒரு மலையா என்று கேட்டிருக்கிறாய். உயரத்தை மட்டும் பார்த்தால் உன் கேள்வி சரிதான். ஆனால் அதற்கு முன் வரும் செவன் சிஸ்டர்ஸ் குன்றுகளில், ஒன்றில் ஏறிச் சேர்த்த உயரத்தை அடுத்த பள்ளத்தில் இழந்து, மறுபடியும் முதலிலிருந்து ஏற வேண்டும். முழங்கால் அதைத்தான் கணக்கு வைத்திருக்கும்.

நீ ஆரம்ப வகுப்பில் படித்த காலத்தில் நடந்த ஒன்றை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. அதுவும் ஒரு ஐப்பசி மாதம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் 32 பேரை லிப்டன் சீட் என்ற மலையுச்சிக்கு அழைத்துச் சென்றேன். 1890இல் தோமஸ் லிப்டன் கட்டிய தம்பேதென்ன தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து ஏறக்குறைய ஏழு கிலோமீற்றர் ஏற்றம். விடியற்காலையில் புறப்பட்டதால் உச்சியில் வானம் துல்லியமாக இருந்தது. தெற்கே சமவெளிக்கும் அப்பால் கடல் ஒரு மெல்லிய கோடாகத் தெரிந்ததைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். பத்து மணிக்கு, அந்த மாதத்தில் வழக்கம்போல, பள்ளத்திலிருந்து மூட்டம் ஏறி வந்தது. மழைக்கு முன் இறங்கிவிட வேண்டும் என்ற அவசரத்தில், ஓடுகிற பையன்களைக் கட்டுப்படுத்த நான் முன்னால் போனேன். தொழிற்சாலை வாசலில் எண்ணிப் பார்த்தபோது 31 பேர்தான் இருந்தார்கள்.

திரும்பி ஏறும்போது பாதையின் ஓரம்கூடத் தெரியவில்லை. கூப்பிட்ட குரல் எந்தப் பக்கம் போயிற்று என்றே எனக்கு விளங்கவில்லை. ஒரு முடக்கில், தேயிலை மலையின் நம்பர் எழுதிய கல்லுக்குப் பக்கத்தில் அந்தப் பிள்ளை உட்கார்ந்திருந்தாள். அறுந்துபோன செருப்பு வாரைத் தலைமுடி ரிப்பனால் கட்டியிருந்தாள். அட்டை கடித்த இடத்திலிருந்து இரத்தம் குதிகால் வரை வழிந்து காய்ந்திருந்தது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா தன் கம்பளியை அவளுக்குப் போர்த்திவிட்டு, கூடையை இறக்கி வைத்துக் கூடவே நின்றார். அவர் என்னைத் திட்டவில்லை. "வாத்தியார் முன்னால போனா, பின்னால யாரு வர்றது?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அதற்குப் பிறகு பிள்ளைகளோடு போன எந்த நடையிலும் நான் கடைசி ஆளாகத்தான் நடந்தேன்.

நீயும் கடைசியில் வா, மகளே. வரைபடம் பார்க்கத் தெரிந்த, நிதானமான ஒருவரை முன்னால் விடு. ஒவ்வொரு பள்ளத்திலும் அவர் நின்று காத்திருக்கட்டும். இதில் பலரும் செய்கிற ஒரு தவறு உண்டு. முன்னால் போனவர்கள் உட்கார்ந்து இளைப்பாறி, பின்தங்கியவர் வந்து சேர்ந்த உடனே எழுந்து புறப்பட்டுவிடுவார்கள். ஓய்வு அதிகம் தேவைப்பட்டவருக்கு அது நாள் முழுவதும் கிடைப்பதே இல்லை. கடைசி ஆள் வந்து, தண்ணீர் குடித்து, மூச்சு ஆறிய பிறகே புறப்பட வேண்டும் என்று காலையிலேயே எல்லோருக்கும் சொல்லிவிடு.

நேரத்தைப் பற்றித்தான் எனக்குப் பெரிய கவலை. இங்கே எந்த மாதமானாலும் ஆறு மணியளவில்தான் இருட்டும். அந்தப் பழக்கம் உன் உடம்பில் இன்னும் இருக்கும். நீங்கள் நடக்கும் அந்த ஞாயிறு அதிகாலையில்தான் இங்கிலாந்தில் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னால் வைக்கிறார்கள், ஆகவே ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். பாதை ஏறக்குறைய 22 கிலோமீற்றர். கக்மியர் ஆற்றின் முகத்துவாரத்தில் பாலம் இல்லாததால் எக்சீட் பாலம் வரை உள்ளே போய்ச் சுற்றி வர வேண்டும். மணிக்கு மூன்று கிலோமீற்றர் வீதம் பார்த்தாலே ஏழு மணித்தியாலத்துக்கு மேல். சாப்பாட்டு நேரம் தனி. எட்டு மணிக்கே புறப்படுங்கள். பேர்லிங் கெப்பில் ஒரு மணிக்குள் இல்லையென்றால் அங்கேயே நடையை முடித்துக்கொள்ளுங்கள். வீதி அங்கே வந்து தொடுகிறது.

விளிம்பு விஷயத்தில் நம் ஊர்ப் பழக்கத்தை நம்பாதே. நம்முடையது கடினமான பாறை; அங்கே இருப்பது மழையும் அலையும் அரித்துத் தின்னும் வெண்சுண்ணக்கல். மேலே புல் பசுமையாக இருக்கும்போதே அடியில் வெறுமையாகி, எந்த அறிகுறியும் இல்லாமல் மீற்றர் கணக்கில் சரிந்து விழுகிறது. படம் எடுக்க என்று யார் ஓரத்துக்குப் போனாலும் முகத்துக்காகப் பார்க்காமல் கூப்பிட்டு நிறுத்து. கீழே கடற்கரையில் நடக்கவும் வேண்டாம். அலை ஏறினால் திரும்பும் வழி மூடிவிடும். அட்டை அங்கே இல்லை. ஆனால் செம்மறி மேயும் புல்வெளியில் உண்ணி இருக்கும், வீட்டுக்கு வந்ததும் கால்களைப் பார்த்துக்கொள்.

ஈஸ்ட்போர்னில் 15 பேரையும் எண்ணிய பிறகு எனக்கு ஓர் அழைப்பு எடு. அங்கே மாலை ஐந்து என்றால் இங்கே இரவு பத்தரை. அம்மாவும் நானும் விழித்திருப்போம்.

அன்புடன்,
அப்பா