‘அனைவருக்கும்’ என்று எழுதாத நன்றி மடல்

பத்திரிகையில் வரும் நன்றி நவிலல் விளம்பரங்களைப் பாட்டி ஒன்றுவிடாமல் படிப்பார். படித்துவிட்டுத் திட்டுவார். “நேரிலும் தொலைபேசியிலும் ஆறுதல் கூறிய அனைவருக்கும்” என்ற வரி வந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடுவார். “நாற்காலி சுமந்தவனுக்கும் காப்பி குடித்துவிட்டுப் போனவனுக்கும் ஒரே நன்றியா? இது என்ன கோயில் சுண்டலா, எல்லார் கையிலும் ஒரே அளவு போட?” 1924இல் தொடங்கிய எங்கள் மலேசியாவின் தமிழ் நேசன் 2019இல் நின்றுபோனபோது, “பேப்பருக்கே கருமாதி ஆகிவிட்டது, இதற்கு யார் நன்றி நவில்வார்கள்?” என்று கேட்டுவிட்டு அடுத்த நாளே வேறு பேப்பருக்கு மாறிக்கொண்டார்.

நேற்று பாட்டிக்குப் பதினாறாம் நாள் கருமக்கிரியை முடிந்தது. அவர் பேச்சை மீற எனக்குத் துணிவில்லை. ஆகவே தனித்தனியாகவே சொல்கிறேன்.

முதலில், பெட்டியைச் சுமந்த ஆறு பேர். எங்கள் அடுக்குமாடியின் மின்தூக்கி அன்றும் ஓடவில்லை. ஓடியிருந்தாலும் பெட்டி அதற்குள் நுழைந்திருக்காது. எட்டாவது மாடியிலிருந்து, ஒவ்வொரு திருப்பத்திலும் பெட்டியை நிமிர்த்திச் சாய்த்து, பாட்டியின் தலை எதிலும் இடிக்காமல் இறக்கினீர்கள். உங்களில் இரண்டு பேர் கோயில் தண்ணீர்ப்பந்தல் பிள்ளைகள், இரண்டு பேர் எதிர்வீட்டு மக்சிக்கின் (மலாய்க்கார அத்தையம்மாவின்) மகன்கள். மற்ற இருவரை எனக்கு இன்றுவரை யாரென்று தெரியாது. நான்காவது மாடிப் படியில் மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கை கொடுத்தீர்கள். பாட்டி இந்த நாளை முன்பே கணக்குப் போட்டிருந்தார். உடம்பு மெலியத் தொடங்கி நாங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றபோது, “எட்டு மாடி இறக்க வேண்டும். பாவம், பிள்ளைகளுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். அதற்காகத்தான் இளைக்கிறேன்” என்றார். அப்படியும் உங்களில் ஒருவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். பாட்டி சார்பில் வருத்தம் தெரிவிக்கிறேன்.

அடுத்து, வாரம் இரண்டு முறை வீட்டுக்கு வந்து பார்த்த மலாய்த் தாதிக்கு. உங்களுக்கு நன்றியைவிட மன்னிப்புத்தான் முதலில் சொல்ல வேண்டும். வலியைத் தமிழில் எப்படிக் கேட்பது என்று முதல் நாளே நீங்கள் பாட்டியிடம் கேட்டீர்கள். ‘சாக்கிட்’ என்பதற்குத் தமிழ் ‘அழகு’ என்று அவர் சொல்லிக்கொடுத்தார். அன்று முதல் நீங்கள் வயிற்றை மெல்ல அழுத்தி, முகம் நிறையக் கவலையோடு, “இங்கே அழகா, பாட்டி?” என்று கேட்பீர்கள். அவரும் சற்றும் சிரிக்காமல், “அங்கே கொஞ்சம் குறைவு, முதுகில் அதிகம்” என்பார். நாங்கள் சமையலறைக்குள் ஓடிவிடுவோம். கடைசி வாரத்தில், பேச்சே குறைந்த பிறகும், நீங்கள் “அழகா?” என்று கேட்டபோது, “ரொம்ப” என்று சொல்லி உங்கள் விரலைப் பிடித்துக்கொண்டார். அது விளையாட்டா, உண்மையான வலியா என்று எங்களுக்குத் தெரியவில்லை. நீங்கள் மட்டும் சரியாகப் புரிந்துகொண்டு மருந்தைக் கூட்டிக் கொடுத்தீர்கள். வேறு தமிழ் வீடுகளில் இந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருந்தால் அந்தப் பழி எங்கள் குடும்பத்தையே சேரும்.

உயிர் பிரிந்தது வீட்டில், பின்னிரவு இரண்டு மணிக்கு. வீட்டில் இறந்தால் போலீஸ் நிலையத்தில் அறிவித்து அனுமதிப் பத்திரம் வாங்க வேண்டும் என்பதுகூட எனக்குத் தெரியாது. சட்டைப் பொத்தானை மாற்றி மாட்டிக்கொண்டு என்னைக் காரில் ஏற்றிச் சென்ற ஆறாவது மாடி மாமாவுக்கும், பத்திரத்தை எழுதிக்கொண்டே “‘பசியாறினீர்களா’ என்று எங்களை எல்லாம் கேட்பாரே, அந்தப் பாட்டியா?” என்று விசாரித்த இளம் போலீஸ்காரருக்கும் நன்றி. பாட்டி எப்போது அங்கே போனார், எதற்காகப் போனார் என்பது இன்னமும் விளங்கவில்லை. விசாரிக்கவும் பயமாக இருக்கிறது.

பக்கத்து வீட்டாருக்கு, முப்பது ஆண்டுப் பொறுமைக்காக. பாட்டி செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும் என்று விடியும் முன்பே மரநிரையில் இறங்கிப் பழகிய உடம்பு. தோட்டம் செம்பனைக்கு மாறி, அவர் பினாங்குத் தீவுக்கு வந்து எத்தனையோ காலம் ஆகியும் நான்கு மணிக்கு மேல் அவருக்குத் தூக்கம் கிடையாது. அவரோடு மின்னல் எஃப்எம் வானொலியும் விழித்துக்கொள்ளும். நீங்கள் ஒரு நாளும் சுவரைத் தட்டவில்லை.

எதிர்வீட்டு மக்சிக், அடுப்பு மூட்டாத எங்கள் வீட்டுக்கு மூன்று நாளும் சைவ பீஹூன் (அரிசிச் சேமியா) அனுப்பினீர்கள். பெலாச்சான் என்ற இறால் விழுது போடாமல் சமைப்பது வாழ்க்கையில் இதுவே முதல் தடவை என்றீர்கள். உண்மையைச் சொல்கிறேன், அது நாக்கிலும் தெரிந்தது. ஆனாலும் மிச்சம் வைக்கவில்லை.

சௌரஸ்தா மார்க்கெட்டில் காய்கறி விற்கும் சீன அம்மாவுக்கு. பாட்டியும் நீங்களும் ஹொக்கியனில் போட்ட சண்டைகளைக் கேட்டுச் சுற்றுலாப் பயணிகள் நின்று படம் பிடித்திருக்கிறார்கள். கறிவேப்பிலை இலவசமாகத் தரவேண்டும் என்பது பாட்டியின் கட்சி, அரைவெள்ளியாவது தரவேண்டும் என்பது உங்கள் கட்சி. அன்று வெள்ளை உறையில் பணம் வைத்துக் கொடுத்துவிட்டு, பையிலிருந்து ஒரு பெரிய கட்டுக் கறிவேப்பிலையை எடுத்துப் பாட்டியின் காலடியில் வைத்தீர்கள். அந்தச் சண்டையில் பாட்டியே ஜெயித்தார் என்று எடுத்துக்கொள்கிறோம்.

பத்து லஞ்சாங் மயானத்தில் தேவாரம் பாடிய ஐயாவுக்கும் நன்றி. சுருதி சற்று இறங்கியிருந்தது. பாட்டி இருந்திருந்தால் சொல்லியிருப்பார், அதனால் நான் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

தேசியப் பதிவிலாகாவில் இறப்பைப் பதிந்த அதிகாரிக்கும் ஒரு வார்த்தை. பாட்டியிடம் இருந்தது, குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டை. இங்கேயே பிறந்தவர்தான், ஆனால் பிறப்புப் பத்திரம் இல்லை. கணக்கெழுதும் தோட்டத்துக் கிராணி முகத்தைப் பார்த்து 1939 என்று போட்டுவிட்டார். மூன்று வயது கூட்டிவிட்டான் என்று கடைசிவரை புகார் சொன்னவர், எங்களோடு சண்டை வந்தால் மட்டும் அந்த மூன்றையும் சேர்த்துக்கொள்வார். குடியுரிமைக்கு எத்தனை முறை மனுப் போட்டோம் என்று எண்ணுவதை விட்டுவிட்டோம். அவர் அதையும் சிரிப்பாக்கினார்: “என்னைச் சிவப்பு என்று சொன்னது இந்த அரசாங்கம் ஒன்றுதான். என்னைக் கட்டியவர்கூடச் சொன்னதில்லை.” 2018 மே 9 அன்று எங்களை எல்லாம் ஓட்டுப் போட விரட்டிவிட்டு, திரும்பி வந்ததும் விரல் மையைத் தேய்த்துப் பார்த்தது நினைவிருக்கிறது. அட்டையை ஒப்படைத்தபோது அந்த அதிகாரி உடனே எடுத்து வைக்கவில்லை. மேசைமேல் என் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு, ஏதோ தாள் தேடுவதுபோல் எழுந்து போனார். வெகுநேரம் தேடினார். அந்த நேரத்துக்கு நன்றி.

இன்னும் ஒன்று. யாருடைய பாத்திரத்தையும் வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்பது பாட்டி வைத்த சட்டம். எல்லாவற்றிலும் அதிரசம் வைத்துக் கொடுத்தாயிற்று. நீல மூடி போட்ட ஒன்று மட்டும் மிஞ்சியிருக்கிறது, யாருடையது என்று தெரியவில்லை. வந்து வாங்கிக்கொள்ளுங்கள். எட்டாவது மாடி. மின்தூக்கி இன்னும் ஓடவில்லை.