மாறுகண் அதிர்ஷ்டம் இல்லை, அம்மா

அம்பாசமுத்திரம்

அன்பு மகள் வள்ளிக்கு,

இங்கு நாங்கள் நலம். நீ, மாப்பிள்ளை, பேரன் எல்லோரும் நலம்தானே? நேற்று நீ தொலைபேசியில் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. முத்துவின் இடது கண் மூக்குப் பக்கம் சாய்கிறது, கண்ணாடி போட வேண்டும், நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடிவைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சம்பந்தியம்மாளோ மாறுகண் அதிர்ஷ்டம், வளர வளரச் சரியாகிவிடும் என்கிறார்கள். ஒன்றாம் வகுப்பு முடியட்டுமே என்று நீயும் யோசிக்கிறாய். வேண்டாம் அம்மா, தள்ளிப்போடாதே.

சித்திரை விடுமுறையில் அவன் வந்திருந்தபோது திண்ணையில் உட்காரவைத்து விளையாட்டாக இடது கண்ணைப் பொத்தினேன். எதிர்ச் சுவரில் இருந்த காலண்டர் எண்களைக் கடகடவென்று சொன்னான். வலது கண்ணைப் பொத்தியதும் என் கையைத் தட்டிவிட்டான். மறுபடி பொத்தினேன், அழுகையே வந்துவிட்டது. அடம் என்றாள் உன் அம்மா. அடம் இல்லை. அந்த இடது கண்ணால் அவனுக்குச் சரியாகத் தெரியவில்லை. அதனால்தான் டாக்டரிடம் காட்டு என்று உன்னை அவ்வளவு நச்சரித்தேன்.

இரண்டு கண்ணும் இரண்டு பக்கம் பார்த்தால் மூளைக்கு இரண்டு படம் போகும். குழந்தையின் மூளை குழப்பம் வேண்டாம் என்று சாய்ந்த கண்ணின் படத்தை ஒதுக்கிவிடும். ஒதுக்கப்பட்ட கண்ணில் பார்வை வளராது. சோம்பேறிக் கண் என்கிறார்களே, அது இதுதான். நல்ல கண்ணை மூடினால்தான் மூளை மற்றதைத் தேடிப் போகும். ஏழு வயதுக்குள் செய்தால் பலன் அதிகம். அதற்குப் பிறகு பாடுபட்டாலும் கிடைப்பது குறைவு. முத்துவுக்கு ஐந்தரை ஆகிவிட்டது.

சின்ன வயதில் கண்ணாடி போட்டால் பவர் ஏறிக்கொண்டே போகும் என்று உன் பக்கத்து வீட்டார் சொன்னதையும் நம்பாதே. கண் வளரும்போது பவர் மாறும், கண்ணாடி அதை ஏற்றுவதில்லை. முத்துவுக்குப் பிளஸ் பவர் என்றாய். அப்படிப்பட்ட குழந்தை கூர்ந்து பார்க்கச் சிரமப்படும்போது கண் தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்தச் சிரமத்தைக் கண்ணாடி எடுத்துக்கொள்வதால் சிலருக்குக் கண் நேராகியே விடுகிறது. அறுவை தேவைப்பட்டாலும் பயப்படாதே. விழிக்கு வெளியே இருக்கும் தசையைத்தான் சரிசெய்வார்கள். கண்ணைத் தோண்டி வெளியே எடுத்துவைப்பார்கள் என்பது கட்டுக்கதை.

அம்மா முருங்கைக்கீரைப் பொடி அனுப்புகிறாள். கொடு, நல்லதுதான். வைட்டமின் ஏ குறைந்து வரும் மாலைக்கண்ணுக்கு அது அரண். சாய்ந்த கண்ணை அது நேராக்காது. விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு என்று யார் சொன்னாலும் கண்ணில் ஒரு சொட்டும் விடாதே. நம் ஊர் வயல்காட்டில் இதை நான் பார்த்து நொந்திருக்கிறேன். அறுவடையில் நெல் சுணை கண்ணில் குத்தும். பச்சிலைச் சாறு விடுவார்கள், தாய்ப்பால் பீய்ச்சுவார்கள். காயத்தில் பூஞ்சை பிடித்துப் புண்ணாகி, கருவிழியில் பூ விழுந்துவிடும். நான் பாடம் நடத்திய வகுப்பில் படித்த பையன் ஒருவனின் தகப்பனாருக்கு ஒரு கண் அப்படித்தான் போயிற்று. கையெழுத்துப் போட வந்தவர் தாளை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்துத் தடவியது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. அன்றே பஸ் ஏறித் திருநெல்வேலிக்குப் போயிருக்கலாம். 1988 முதல் அங்கே அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது.

அம்மாவின் கண்புரைக்கும் இதே கதை. முற்றட்டும், குளிர்காலம் வரட்டும் என்று தெருவே ஆலோசனை சொல்கிறது. முற்றினால் கெட்டிப்பட்டு அறுவைதான் கடினமாகும். அடுத்த வாரமே அழைத்துப் போகிறேன்.

மூடும் பட்டையைக் கண்ணாடியில் ஒட்டாதே, இடுக்கு வழியே எட்டிப் பார்ப்பான். தோலில் நேரே ஒட்டி, அதன் மேல் கண்ணாடியைப் போடு. டாக்டர் சொன்ன நேரத்துக்கு மேலும் வேண்டாம், குறைவாகவும் வேண்டாம். அந்த நேரத்தில் படம் வரையவோ பாசிமணி கோக்கவோ வை. முதல் சில நாள் அழுவான், பிய்த்தெறிவான். மனம் இளகிவிடாதே.

சம்பந்தியம்மாளிடம் ஞாயிற்றுக்கிழமை நானே பேசுகிறேன். அவர்களுக்கும் பேரன் மேல் உயிர்தான், எடுத்துச் சொன்னால் கேட்பார்கள். அதற்காகக் காத்திருக்காமல் நீ நாளைக்கே கண்ணாடிக்குக் கொடுத்துவிடு.

அன்புடன்,
அப்பா