பயந்த நாளில் கூட இருந்தவர்களுக்கு

கிறிஸ்துவுக்குள் பிரியமானவர்களே,

முதுகுத்தண்டு அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, எழுந்து நடக்கிறேன். ஆலயத்தில் சாட்சி சொல்லக் கிடைத்த ஐந்து நிமிடத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நன்றி சொல்ல முடியவில்லை. ஆகவே இந்த மடல்.

கத்தியைவிட எனக்குப் பெரிய பயம் எம்ஆர்ஐ ஸ்கேன்தான். அடைபட்ட இடம் எனக்கு ஆகாது. ஆளைப் படுக்கவைத்து உள்ளே தள்ளும் அந்தக் குழாயின் உள்விட்டம் பெரும்பாலான கருவிகளில் 60 முதல் 70 சென்டிமீட்டர். மல்லாந்து படுத்தால் கூரை மூக்கில் இடிப்பதுபோல் இருக்கும். முதல் தடவை உள்ளே தள்ளியதுமே மூச்சு முட்டிக் கத்திவிட்டேன்.

அதன்பின், "விசுவாசி பயப்படலாமா?" என்று கேட்டவர்களும் உண்டு. அன்பினால்தான் கேட்டார்கள். அவர்களுக்கும் நன்றி, கொஞ்சம் தள்ளி நின்று.

போதகர் ஐயா, நீங்கள் அப்படிக் கேட்கவில்லை. மாற்கு 14-ஆம் அதிகாரத்தை எடுத்து, சிலுவைக்கு முந்தின இரவில் கெத்செமனே தோட்டத்தில் இயேசு "திகிலடையவும், மிகவும் வியாகுலப்படவும் தொடங்கினார்" என்று வாசித்தீர்கள். "ஆண்டவரே திகிலடைந்திருக்கிறார், நீங்கள் ஏன் வெட்கப்படுகிறீர்கள்?" என்றீர்கள். 56-ஆம் சங்கீதத்தையும் காட்டினீர்கள்: "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." பயம் போகட்டும், பிறகு நம்புகிறேன் என்று தாவீது தள்ளிப்போடவில்லை. அந்த வசனத்தைத்தான் மறுபடி குழாய்க்குள் கொண்டுபோனேன்.

மருத்துவர் அம்மா, அட்ரினலின் சுரப்பதால்தான் நெஞ்சு படபடக்கிறது, உச்சத்துக்கு ஏறிய பதற்றம் பெரும்பாலும் சில நிமிடங்களில் தானாக இறங்கும் என்று பொறுமையாக விளக்கினீர்கள். நன்றி.

ஸ்கேன் அறைத் தம்பி, ரப்பர் பந்தை என் கையில் வைத்து, "அமுக்கினால் உடனே வெளியே எடுத்துவிடுவேன்" என்றதோடு விடாமல், அமுக்கிப் பார்க்கவும் சொன்னீர்கள். அமுக்கினேன், மணி அடித்தது, ஓடி வந்தீர்கள். அதற்குப் பிறகு அதை அமுக்கவே தேவைப்படவில்லை. டமடமவென்ற சத்தம் உள்ளிருக்கும் சுருள்கள் அதிர்வதால் வருவது என்றும், இனி எத்தனை நிமிடம் என்றும் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள்.

அக்கா, உலோகம் உள்ளே ஆகாது என்பதால் நகைகளைக் கழற்றிவிட்டு, காதுகளை அடைத்துக்கொண்டு உள்ளே வந்தாய். வசனம் பாதியில் மறந்துபோய்த் தவித்தபோது உன் கட்டைவிரல் என் குதிகாலை அழுத்தியது. ஆண்டவரின் பதில் அதுதான் என்று எடுத்துக்கொண்டேன்.

ஜெபக்குழுச் சகோதரிகளே, எலியா பயந்தோடிச் சூரைச்செடியின்கீழ் படுத்தபோது தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. அடையும் தண்ணீரும் வைத்துச் சாப்பிடச் சொன்னான். நீங்களும் சமைத்து வைத்துவிட்டு, ஜெபத்தைச் சுருக்கமாக முடித்துக் கிளம்பினீர்கள். சுருக்கியதற்குத் தனி நன்றி.

பயம் அறவே போய்விட்டது என்று சாட்சி சொல்ல மாட்டேன். அடுத்த ஸ்கேனுக்கும் அக்காவை இப்போதே கேட்டு வைத்திருக்கிறேன். சபையில் வேறு யாருக்காவது அந்த அறைக்குள் துணை வேண்டுமானால் எனக்குச் சொல்லியனுப்புங்கள். கழற்ற என்னிடம் கைக்கடிகாரம் மட்டும்தான் இருக்கிறது, உடனே வந்துவிடுவேன்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் சகோதரன்