விலையோடு வரலாறும் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜேட் என்னும் மணிக்கல்லில் செய்த பழைய சீனச் சிமிழ் ஒன்று ஏலம் போன செய்தியை உங்கள் இதழில் படித்தேன். விலையைத் தலைப்பிலேயே போட்டிருந்தீர்கள். அது சீனாவை விட்டு எப்படி வெளியேறியது என்று ஒரு வரிகூட இல்லை.

ஜேட் கல் உளிக்கு மசியாது. அதைவிடக் கடினமான மணலை நீரில் குழைத்து, சுழலும் வட்டால் தேய்த்துத் தேய்த்தே உருக்கொடுக்க வேண்டும். சிமிழ் என்றால் வேலை இரட்டிப்பு: உள்ளே குடைய வேண்டும், மூடியும் அடியும் இம்மி பிசகாமல் பொருந்த வேண்டும். 1759இல் சீனப் பேரரசர் சியான்லோங்கின் படைகள் மேற்கே உள்ள சின்சியாங் பகுதியைப் பிடித்த பிறகு, அங்குள்ள கோத்தன் பக்கத்து ஜேட் கல் அரண்மனைக்குத் தாராளமாக வந்தது. இந்தக் கலை உச்சம் தொட்ட காலம் அது. நம் முகலாயர்களின் ஜேட் வேலைப்பாட்டின் மேலும் அவருக்குத் தீராத மோகம். அதைப் புகழ்ந்து கவிதைகளே எழுதியிருக்கிறார்.

1860இல் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் பெய்ஜிங்கின் யுவான்மிங்யுவான் அரண்மனையைச் சூறையாடின. அங்கே அள்ளியவை அப்புறம் ஐரோப்பிய ஏலக்கூடங்களுக்கு வந்தன. மேலைநாட்டுச் சேகரிப்புகள் எல்லாமே கொள்ளை என்று சொல்லவில்லை. கடையில் காசு கொடுத்து வாங்கியவர்களும் உண்டு. நியூயார்க்கின் ஹீபர் பிஷப், தான் சேர்த்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜேட் பொருள்களை 1902இல் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டார்.

இனி இப்படிச் செய்தி போடும்போது, அந்தப் பொருள் 1860க்குப் பிறகு யார் யார் கை மாறியது என்று ஏல நிறுவனத்திடம் கேட்டு எழுதுங்கள். பதில் வராவிட்டால் அதையும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
வாசகி, மதுரை