கன்னியாக் கிணற்றில் யாரும் குதிக்க முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற கிழமை உங்கள் ஞாயிறு இதழில் வந்த சிறுகதையை வாசித்தேன். திருகோணமலையில் ஓட்டோ ஓட்டுகிற பெடியன் ஒருவன் கன்னியா வெந்நீர்க் கிணற்றுக்குள் குதிக்கிறான். அடியில் இராவணனின் வாள் அவன் கையில் தட்டுப்படுகிறது. மேலே வரும்போது அவனுக்கு இருபது கைகளின் பலம். சரி, கதைதானே என்று வாசித்துக்கொண்டு போனேன். முடிவுக்குக் கிட்ட ஒரு வரி வந்தது. இனி அவன் எவருக்கும் பதில் சொல்லத் தேவையில்லையாம். அதற்கு மேல் எனக்குத் தேநீர்கூட இறங்கவில்லை.

முதலில் கிணற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கன்னியாவுக்கு வந்திருப்பீர்கள், உங்களுக்குத் தெரியாததா? ஏழு கிணறுகள். எல்லாம் சதுரமாகக் கட்டியவை, மூன்று நாலு அடிதான் ஆழம், ஒவ்வொன்றிலும் சூடு வேறு வேறு. வாளியால் அள்ளித் தலையில் ஊற்றலாம். குதித்தால் முழங்கால்தான் உடையும். உங்கள் ஓவியரோ வட்டமாக ஒரு பாழுங்கிணற்றைக் கீறி, அதற்கு மேல் புகையும் விட்டு, பக்கத்திலேயே பிளந்த மலை ஒன்றையும் வைத்திருக்கிறார். அந்தப் பிளவு இராவணன் வெட்டு என்றால், அது கோணேசர் கோயிலடியில், கடலுக்கு நேரே இருக்கிறது. கன்னியா அனுராதபுர வீதிப் பக்கம், பட்டணத்திலிருந்து எட்டுக் கிலோமீற்றர் அளவில். காலிமுகத்திடலையும் கல்கிசையையும் ஒரே படத்தில் ஒட்டி ஒருவர் கொண்டுவந்து தந்தால் நீங்கள் அச்சுக்கு விடுவீர்களா? எங்கள் ஊர் என்றால் எப்படி வேண்டுமானாலும் கீறலாம் போலும். சித்திரை விடுமுறை வந்தால் நிலாவெளிக் கடற்கரைப் படம், கார்த்திகை வந்தால் கடல் கொந்தளிப்பு. மிச்ச மாதங்களில் இங்கே ஆட்களே இருப்பதில்லை என்றுதான் உங்கள் பத்திரிகையை வாசிக்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

இராவணன் கன்னியாவுக்கு எதற்கு வந்தான் என்று கதை எழுதியவர் யாரிடமாவது கேட்டிருக்கலாம். தாய் கோணேசரைக் கும்பிட வேண்டும் என்பதற்காக அவன் மலையைப் பெயர்க்கப் போய் வாளால் வெட்டியதும், பிறகு தாய் இறந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டுக் கன்னியாவில் ஏழு இடத்தில் வாளை ஊன்றித் தண்ணீர் எடுத்துக் கடமை செய்ததும் இங்கே சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. கைலாயத்தைத் தூக்கிய அதே ஆள்தான். சம்பந்தர் தம் பதிகங்களில் பெரும்பாலும் எட்டாம் பாட்டில் இராவணனைக் கொண்டுவந்து நிறுத்துவார். கோணமாமலைப் பதிகத்திலும் அப்படித்தான். மலை எடுத்தவனின் செருக்கை இறைவன் விரலால் அடக்கியதையும் பாடுவார், பிறகு அவன் ஏத்தக் கேட்டு அருளியதையும் பாடுவார். அவ்வளவு பலம் இருந்தவனும் பதில் சொல்லத்தான் வேண்டியிருந்தது.

எங்கள் ஆட்கள் இன்றைக்கும் கன்னியாவுக்குப் போவது செத்தவர்களுக்கான கடமைக்குத்தான். அப்பாவின் காரியத்துக்கு அண்ணா அங்கேதான் போனார். நுழைவுச் சீட்டு வாங்கி, வான் பிடித்துச் சுற்றுலா வந்த கூட்டத்துக்குப் பின்னால் நின்று, ஒருவழியாகத் தலைமுழுகினார். ஈர வேட்டியோடு நின்றவரை யாரோ படம் வேறு பிடித்தார்கள். அதைப் பற்றி அப்போதே உங்களுக்கு எழுதினேன். முக்கால்வாசியை வெட்டிவிட்டு, வெந்நீர்க் கிணறுகளில் கூட்டம் அதிகம், கூடுதல் வாளிகள் தேவை என்று போட்டீர்கள். நான் வாளி கேட்டு எழுதவில்லை ஐயா.

சாதாரண ஆள் ஒருவனுக்கு வீரனின் பலம் கைமாறுவது தமிழுக்குப் புதுக் கற்பனை என்று கதைக்கு மேலே முன்குறிப்பும் போட்டிருந்தீர்கள். எங்கள் வீட்டில் அது எப்போதோ நடந்து முடிந்த விஷயம்.

அப்பா வடமோடிக் கூத்தில் வீமன். தம்பலகாமத்துப் பக்கம் எங்கள் ஊர்க் கோயில் முன்றலில் களரி போட்டு விடிய விடிய ஆடுவார்கள். கரப்புடுப்பும் கிரீடமுமாய் அவ்வளவு பாரத்தோடு மத்தளத்துக்குத் துள்ள வேண்டும். அப்பா தளர்ந்த பிறகு, யாருக்கு எந்த வேஷம் என்று பாட்டைப் பிரித்துக் கொடுக்கும் சட்டங்கொடுக்கிற நாளில், கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் வீமனின் பாட்டை அண்ணாவின் கையில் கொடுத்துவிட்டார். அண்ணா அப்போது வெறும் எலும்பும் தோலும். “தகப்பன் ஆடின வேஷம், மகன் ஆடட்டும்” என்றார். விருப்பமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

பலம் வந்ததா என்று கேட்டால், முழங்கால் வீக்கம்தான் வந்தது. ஆனால் பொறுப்பு மறுநாள் காலையே வாசலுக்கு வந்துவிட்டது. தண்ணீர் மோட்டர் கிணற்றுக்குள் விழுந்தால் வீமனைக் கூப்பிடு. படுக்கையில் கிடக்கும் பாட்டியை ஆஸ்பத்திரி வானில் ஏற்ற வேண்டுமா, வீமன் எங்கே? வேலிச் சண்டையில் அண்ணன் தம்பி கத்தியோடு நின்றால், “வீமன் வந்து சொல்லட்டும், கேட்கிறோம்” என்பார்கள். இவர் அன்றைக்குத்தான் காய்ச்சலிலிருந்து எழும்பியிருப்பார், இருந்தாலும் போவார். கள்ளுத் தவறணைப் பக்கம் தலை காட்ட முடியாது. கலியாண வீட்டில் போதும் என்று கையால் மறித்தாலும், வீமனுக்கு இது காணுமா என்று இன்னொரு அகப்பைச் சோறு விழும். (அந்த ஒரு விஷயத்தில் அவர் பெரிதாக எதிர்ப்புக் காட்டியதில்லை.)

அப்பா காலத்திலும் இப்படித்தான். 1986 ஏப்ரல் 20 கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது. குளக்கோட்டன் என்ற மன்னன் பூதங்களைக் கொண்டு கட்டுவித்த குளம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். வெள்ளத்துக்கு ஒரு பூதமும் வரவில்லை. அப்பாவைத்தான் தேடி வந்தார்கள். கிழவர்களையும் நனைந்த நெல் மூட்டைகளையும் சுமந்துவிட்டு வந்து, பிறகு எவ்வளவு நாள் முதுகு நிமிராமல் கிடந்தார் என்பது அம்மாவுக்குத்தான் தெரியும். போகாமல் இருக்க அவருக்கு ஏலாது, வீமன் அல்லவா. அந்தக் குளக்கோட்டனும் குடிகளைக் கொண்டுவந்து குடியிருத்தி, கோணேசருக்கு யார் யார் என்ன தொழும்பு செய்ய வேண்டும், அதை வழிவழியாக எப்படிச் செய்ய வேண்டும் என்று வகுத்துவிட்டுப் போனதாகத்தான் கோணேசர் கல்வெட்டு என்ற பழைய நூலில் இருக்கிறது. வாளை எடுத்துக்கொண்டு போங்கள் என்று அதில் ஓரிடத்திலும் இல்லை.

புராணத்தை எடுத்தாலும் இதே கணக்குத்தான். விசுவாமித்திரர் இராமனுக்குப் பலை, அதிபலை மந்திரங்களைச் சும்மா கொடுக்கவில்லை, வேள்வியைக் காக்கக் கூட்டிக்கொண்டு போகும் வழியில் கொடுத்தார். அனுமனுக்குத் தன் பலமே மறந்துபோயிருந்தது. சீதையைத் தேடக் கடல் தாண்ட ஆள் தேவைப்பட்டபோதுதான் சாம்பவான் ஞாபகப்படுத்துகிறார். கண்ணன் போன பிறகு அருச்சுனன் காண்டீபத்துக்கு நாணேற்றவே படாத பாடு படுகிறான். துவாரகைப் பெண்களைக் கள்வர் இழுத்துக்கொண்டு போக, அவனால் மறிக்க முடியவில்லை. கடைசியில் அக்கினி வந்து வில்லைத் திருப்பிக் கேட்க, தண்ணீரில் விட்டுவிட்டு நடக்கிறான். வெள்ளைக்காரர்களின் படக்கதையில் வருகிற முகமூடி மாயாவிகூட, தகப்பனுக்குப் பிறகு மகன் மண்டையோட்டின் மேல் சத்தியம் பண்ணித்தான் முகமூடியைப் போடுகிறான். உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லவில்லை. தெரிந்தும் அச்சுக்கு விட்டீர்களே என்பதுதான் என் மனவருத்தம்.

உங்கள் கதாநாயகன் என்ன செய்தான்? வாள் கிடைத்ததும் காதலியின் தகப்பனை மிரட்டினான். வட்டிக்குக் கொடுத்தவனைத் தூக்கிக் கடலில் எறிந்தான். பிறகு கனடாவுக்குப் போய்விட்டான், இருபது கையோடு விசா எப்படிக் கிடைத்ததோ. கதையின் தொடக்கத்தில் அவனுடைய தாய் இருமிக்கொண்டு பாயில் படுத்திருந்தாள். இரண்டாம் பக்கத்துக்குப் பிறகு அவளைக் காணவில்லை. செத்தாளா, இருக்கிறாளா என்று எழுதியவரும் சொல்லவில்லை, திருத்தியவரும் கேட்கவில்லை. இருபது கை கிடைத்தவன் அதில் ஒரு கையால் தாய்க்கு ஒரு மிடறு தண்ணீர் கொடுக்கவில்லை. அதுவும் எந்த இடத்தில் வாள் கிடைத்தவன்? கன்னியாவில்!

இதை இவ்வளவு நீட்டி எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அண்ணாவுக்கு முழங்கால் போய்விட்டது. வருகிற கூத்துக்கு அவருடைய மகனைக் கேட்கிறார்கள். கைத்தொலைபேசியைத் தவிர வேறொன்றையும் தூக்கிப் பழகாத பெடியன், ஆடுவதா வேண்டாமா என்று இழுத்துக்கொண்டிருக்கிறான். உங்கள் கதையை எனக்குக் கொண்டுவந்து காட்டியவனும் அவன்தான். “வாசித்துப் பாருங்கோ மாமி, சூப்பர். பவர் என்றால் இப்படி இருக்க வேண்டும், கண்டவன் மோட்டரை எடுக்கிறதுக்கில்லை” என்றான். தகப்பன் பக்கத்து அறையில் முழங்காலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் கேட்டிருக்கும்.

கதையை நீங்கள் இனித் திருப்பி வாங்க முடியாது, அது எனக்கும் விளங்குகிறது. அந்தக் கிணற்றின் படத்தையாவது அடுத்த இதழில் திருத்திப் போடுங்கள். ஏழு கிணறு, சதுரம், பக்கத்தில் பிளந்த மலை இல்லை. இராவணன் வெட்டு வேறு இடத்தில் இருக்கிறது என்று கீழே ஒரு வரி போட்டால் போதும். இந்தக் கடிதத்தையும் இடமில்லை என்று வெட்டுவீர்கள், தெரியும். வெட்டுவதானால் என் அண்ணாவின் பகுதியை வெட்டுங்கள், தாயைப் பற்றிய பகுதியில் கை வைக்காதீர்கள். மற்றது, போன மாத இதழ் ஒன்று நடுப்பக்கம் இல்லாமல் கடைக்கு வந்தது. சந்தா கட்டியவர்களுக்கும் அப்படித்தானா என்பதையும் தயவுசெய்து விசாரித்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
திருகோணமலை