வாக்கி டாக்கி வாங்கும்போது பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப் ஓட்டுகிறவன் நான். கல்லும் குழியுமான அந்தப் பாதையில் பல இடங்களில் ஒரு வண்டிக்குத்தான் இடம். உதயம் பார்த்த வண்டிகள் இறங்கும் நேரத்தில் அடுத்த ட்ரிப் ஏறும். பனிமூட்டம் வேறு. வளைவில் நேருக்கு நேர் நின்றுவிட்டால் யாராவது ஒருவர் ரிவர்ஸ் எடுத்தே ஆக வேண்டும். செல்போனில் கேட்டுக்கொள்ளலாம் என்றால் சிக்னல் பாதியிலேயே போய்விடும்.

அதனால் டவுனில் ஒரு கடையில் ஒரு ஜோடி வாக்கி டாக்கி வாங்கினேன். "அஞ்சு வாட், பத்து கிலோமீட்டர் கேட்கும், லைசென்ஸ் வேண்டாம்" என்றார்கள். நாலு மாதம் கழித்து, போலீஸ் வயர்லெஸ் பிரிவில் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் என் வண்டியில் வந்தார். பெட்டியை வாங்கிப் பார்த்தார். 136 முதல் 174, 400 முதல் 520 மெகாஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருந்தது. "தம்பி, நீங்க பேசுற அலைவரிசை யாருக்கு ஒதுக்கினதுன்னு தெரியுமா?" என்று கேட்டார். வயிற்றில் புளியைக் கரைத்தது.

அவர் சொல்லித்தான் தெரியும்: 2018ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் இல்லாமல் பேச 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை இடம் உண்டு. சக்தி அரை வாட்தான். அரை வாட்டை வைத்து மலையில் என்ன செய்வது என்று எனக்கும் சந்தேகம். சரி, பார்த்துவிடலாம் என்று அப்படி ஒரு அரை வாட் ஜோடியும் வாங்கினேன். மச்சானை மேலே தேயிலை ஃபேக்டரி பக்கம் நிறுத்தி, கீழிருந்து இரண்டு ஜோடியிலும் கூப்பிட்டேன். எதிலும் பதில் இல்லை. நடுவில் மலை நின்றால் அஞ்சு வாட்டும் ஊமைதான். ஆனால் இரண்டு வளைவு தள்ளி வரும் வண்டிக்கு அரை வாட் நன்றாகவே கேட்கிறது. எங்களுக்கு வேண்டியதும் அவ்வளவுதான். தகரக் கூரை வண்டியென்றால் கையை வெளியே நீட்டிப் பேச வேண்டும். அப்புறம், வாக்கி டாக்கியில் 'பிரைவசி கோடு' என்று ஒரு வசதி இருக்கும்; அதைப் போட்டால் ரகசியம் என்று நம்ப வேண்டாம். மற்றவர் பேச்சு நம் காதில் விழாது, அவ்வளவே; நம் பேச்சை அதே சேனலில் யாரும் கேட்கலாம்.

2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், இணையத்தில் வாக்கி டாக்கி விற்பவர்கள் அலைவரிசையையும் உரிமம் தேவையா என்பதையும் காட்ட வேண்டும் என்று வழிமுறை வெளியிட்டது. எங்கள் பக்கக் கடைகளில் அந்தப் பேச்சே இல்லை. கடையில் விற்கும் பெட்டியிலும் "உரிமம் தேவை" அல்லது "தேவையில்லை" என்று தமிழிலும் மலையாளத்திலும் ஒட்டச் சொல்ல வேண்டும். என் பழைய ஜோடி இப்போது பீரோவில் கிடக்கிறது. கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறார்.

இப்படிக்கு,
ஒரு ஜீப் ஓட்டுநர்,
சூரியநெல்லி.